கல்லின் தோலை விட்டுவைத்து ஒரு தலை செதுக்குவது எப்படி: ஜிம்பாப்வே சிற்பிகளின் வழி

ஜிம்பாப்வே சிற்பிகள் கல்லில் வடிக்கும் தலைகளைப் படத்தில் பார்த்துவிட்டு, நாமும் ஒன்று செய்து பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜிம்பாப்வேயின் பெரும்பான்மை இனமான ஷோனா மக்களின் பெயரால் ஷோனா சிற்பம் என்று உலகம் அழைக்கும் அந்தத் தலைகளில் ஒரு நெற்றி இருக்கும், நீளமாக ஒரு மூக்கு இறங்கும், வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறல் இருக்கும், பின்பக்கம் முழுக்க மண்ணிலிருந்து எடுத்தபடியே துரு நிறத்தில் கரடுமுரடான கல். அவ்வளவுதான். ஆனாலும் பத்தடி தள்ளி நின்று பார்த்தால்கூட அது மனிதத் தலை என்று சட்டென்று தெரிந்துவிடும். இதைச் செய்ய சிற்பக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. ஒரே ஒரு பழக்கம் வேண்டும்: எங்கே செதுக்கலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், எங்கே கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்துகொள்வது. கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த முடிவைக் காப்பாற்றுவதற்கான வேலைதான்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பொதுவாக ஏதோ ஓர் ஆப்பிரிக்க முகமூடியைச் செய்துவைப்போம். இது ஆயிரம் வருடப் பட்டறை மரபு கிடையாது. கிரேட் ஜிம்பாப்வே இடிபாடுகளில் கிடைத்த மாக்கல் பறவைகள் பழையவைதான், ஆனால் அந்தக் கைவேலை அப்படியே தலைமுறை தலைமுறையாக இன்றைய சிற்பிகளுக்கு வந்து சேரவில்லை. 1957இல் சாலிஸ்பரியில், அதாவது இன்றைய ஹராரேயில், தேசியக் கலைக்கூடம் திறந்தது. அதன் முதல் இயக்குநர் ஃபிராங்க் மெக்கீவன் உள்ளூர்க்காரர்களுக்கு இடமும் கருவியும் கொடுத்து, ஐரோப்பியப் பாடத்திட்டம் எதையும் திணிக்காமல் விட்டார். விவசாயத் துறையில் வேலை பார்த்த ஜோரம் மரிகா நியங்கா பக்கம் மென்மையான கல்லில் தொடங்கிக் கடினக் கல்லுக்கு நகர்ந்தார், தன்னைச் சுற்றி இருந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1966இல் குருவே அருகே டெங்கெனெங்கேயில் டாம் புளோம்ஃபீல்ட் என்ற புகையிலை விவசாயி, பொருளாதாரத் தடையால் புகையிலை விற்க முடியாமல் போன காலத்தில், அங்கேயே கிடைத்த கல்லை வைத்துத் தொழிலாளர்களோடு ஒரு சிற்பக் கிராமத்தைத் தொடங்கினார். அங்கே உளி பிடித்தவர்களில் மலாவி, மொசாம்பிக், அங்கோலா, ஜாம்பியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் இருந்தார்கள், ஆகவே ஷோனா என்ற பெயருக்குள் ஷோனா அல்லாதவர்களும் அடக்கம். 1971இல் பாரிஸில், பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் பெயரில் உள்ள அருங்காட்சியகத்திலேயே இந்தச் சிற்பங்களின் கண்காட்சி நடந்துவிட்டது. தொடங்கிப் பதினைந்து வருடத்துக்குள்.

சரி, உளியைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு பேருடைய தலைகளைத் தேடி எடுத்து நன்றாகப் பாருங்கள். ஒருவர் ஹென்றி முன்யராட்சி. கல்லின் வெளிவடிவத்தை இவர் அநேகமாகத் தொடவே இல்லையோ என்று தோன்றும். முகப்பைத் தட்டையாக்கி, படுக்கையாக ஒரு புருவம், அதன் நடுவிலிருந்து நேராக இறங்கும் மூக்கு, இரண்டு பக்கமும் வட்டமாகக் கண், கீழே வாய்க்கு ஒரு சின்னப் பள்ளம். கோடுகளை எண்ணிப் பார்த்தால் பத்துகூடத் தேறாது. இன்னொருவர் நிக்கோலஸ் முகோம்பெரான்வா. செரிமா என்ற கத்தோலிக்க மிஷனில் மரச் செதுக்கு வேலை பழகியவர், கொஞ்ச காலம் காவல்துறையில் இருந்தவர். இவருடைய தலைகளில் கன்னம், நெற்றி, தாடை எல்லாம் பெரிய பெரிய பரப்புகளாக மடங்கி, கூர்மையான விளிம்புகளில் ஒன்றோடொன்று சந்திக்கும், வெளிச்சம் ஒரு பரப்பில் விழுந்து அடுத்ததில் சட்டென்று நின்றுவிடும். முன்யராட்சி வழி கோட்டால் ஆனது, முகோம்பெரான்வா வழி பரப்பால் ஆனது. முதல் கல்லுக்கு முன்யராட்சி வழியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். எளிது என்பதற்காகச் சொல்லவில்லை, அவரைப்போல நிறுத்தத் தெரிவது ரொம்பக் கஷ்டம். ஆனால் அந்த வழியில் போனால் கல்லின் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும், அதனால் நடுவில் எண்ணம் மாறினாலும் திரும்பிப்போக இடம் இருக்கும்.

இனி கல். ஜிம்பாப்வேயின் நடுவே சுமார் 550 கிலோமீட்டர் நீளத்துக்கு கிரேட் டைக் என்றொரு பாறைத்தொடர் ஓடுகிறது, அந்தச் சிற்பிகளுக்குக் கிடைக்கும் செர்பென்டைன் (பச்சை, கறுப்பு நிறங்களில் வரும் ஒரு கனிமம்) வகைக் கற்களில் நிறைய அதை ஒட்டித்தான் வருகின்றன. அதில் தலை செதுக்க அதிகம் விரும்பப்படுவது ஸ்பிரிங்ஸ்டோன். மேலே துருச்சிவப்பும் பழுப்புமாக ஒரு தோல், உள்ளே மெருகேற்றினால் கன்னங்கறுப்பு, அடுக்கு அடுக்காகப் பிளக்காத நெருக்கமான மணி. இந்தக் கல்லில் உளி பட்ட இடம் வெளிர்சாம்பலாக இருக்கும், தேய்க்கத் தேய்க்க கறுக்கும். அதாவது ஒரே கல்லில் துரு நிறம், சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறம் சாயமே இல்லாமல் கையில் இருக்கிறது. தலைமுடிக்குத் தோல், கழுத்துக்கு உளித்தடம், முகத்துக்கு மெருகு என்று பிரித்துவிட்டால் பாதி முகம் அங்கேயே வந்துவிடும். இந்தச் சிற்பங்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

ஸ்பிரிங்ஸ்டோன் எல்லோருக்கும் எளிதில் கிடைக்காது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிற்பக்கல் விற்கும் கடைகளில் இறக்குமதிக் கல் கிடைக்கும். நம் ஊரில் என்றால் கல்சட்டி செய்யும் மாக்கல்லையே எடுத்துக்கொள்ளலாம், கிரேட் ஜிம்பாப்வே பறவைகளும் மாக்கல்தான். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மை, அதனால் சாதாரண மர அரமும் பழைய தட்டை உளியும் போதும். ஸ்பிரிங்ஸ்டோனுக்கு அது நடக்காது, கல்தச்சர் வைத்திருக்கும் உளியும் ஒன்றரைக் கிலோ சுத்தியும் வேண்டும்.

அளவு விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். 30 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் உள்ள ஒரு கட்டி 12 லிட்டர் கொள்ளளவு, செர்பென்டைன் என்றால் முப்பது கிலோவைத் தாண்டும். தனியாளாகப் புரட்டிப் புரட்டி வேலை செய்ய அதில் பாதிகூட அதிகம்தான். கல்லை வாங்குவதற்கு முன் இரண்டு சோதனை செய்யுங்கள். சுத்தியால் லேசாகத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அப்புறம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காயும்போது கவனியுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் மெல்லிய ஈரக்கோடு ஒன்று நின்றால் அது விரிசல். அந்தக் கோடு மூக்கு வரப்போகும் இடத்தில் இருந்தால் வேறு கல் பாருங்கள். பின்னந்தலையில் இருந்தால் பரவாயில்லை, அங்கே நாம் அடிக்கவே போவதில்லை.

தூசி பற்றி அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். செர்பென்டைன் குடும்பத்திலேயே வெள்ளை ஆஸ்பெஸ்டாஸும் அடங்கும். சிற்பக்கல் எல்லாவற்றிலும் அது இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஆனால் சில கற்களில் மெல்லிய நரம்பாக ஓடலாம். மாக்கல்லிலும் அந்த மாதிரி நார்க்கனிமம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பட்டுநூல் மாதிரி பளபளக்கும் நார் எங்காவது தெரிந்தால் அந்தக் கல்லை ஒதுக்கிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். நார் தெரியாத கல்லிலும் உலர்ந்த நிலையில் கிரைண்டர் ஓட்டாதீர்கள். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி, கல்லை நனைத்து நனைத்து வேலை செய்யுங்கள். நார்த்தூசியையும் தடுக்கும் பி100 ரக மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. துணி கட்டிக்கொள்வது மாஸ்க் ஆகாது. வேலை முடிந்ததும் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், போட்டிருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள், குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். ஜிம்பாப்வேயில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் தூசி நடுவில் வேலை செய்யும் சிற்பிகளைப் படங்களில் பார்க்கலாம். அதைப் பார்த்துத் தைரியம் வரக் கூடாது.

கல் வந்துவிட்டது. இப்போது அதைச் சும்மா திருப்பிப் பாருங்கள். ஜிம்பாப்வே சிற்பிகளில் பலர் களிமண்ணில் மாதிரி செய்துகொண்டு தொடங்குவதில்லை, நேராகக் கல்லிலேயே இறங்குகிறார்கள். கல்லுக்குள் ஓர் ஆவி இருக்கிறது, அதை வெளியே கொண்டுவருகிறோம் என்று சொன்னவர்கள் உண்டு, விற்பனைக்காக அந்தப் பேச்சைப் பெரிதாக்கியவர்களும் உண்டு. நம்பிக்கை எதுவானாலும் கைவேலையில் அது கேட்பது ஒன்றைத்தான்: கல் ஏற்கெனவே வைத்திருக்கும் வடிவத்தை மதிப்பது. ஒரு பக்கம் சாய்ந்த கல் என்றால் சாய்ந்த தலை. மேலே குறுகினால் நீண்ட மண்டை. ஒரு பக்கம் மேடாக இருந்தால் அது நெற்றியாகலாம், அல்லது முன்தள்ளிய தாடையாகலாம். கல்லைத் தலைகீழாகவும் நிறுத்திப் பாருங்கள். சாயங்கால வெயிலில் ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்தால் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும்.

பார்த்து முடித்ததும் சாக்பீஸை எடுத்து முகத்தை வரையாதீர்கள். முதலில் விட்டுவைக்கப்போகும் தோலைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். அழகான துருத்தோல், கல் உடைந்தபோது இயல்பாக வந்த ஒரு வளைவு, இவையெல்லாம் உள்ளே வரட்டும். அந்தக் கோட்டுக்கு உள்ளே உளி போகாது, அரம் போகாது, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர்கூடப் போகாது. மிச்சம் இருக்கும் இடம்தான் முகம். கல்லில் மூன்றில் ஒரு பங்குகூட முகத்துக்குக் கிடைக்கவில்லை என்றால் ரொம்ப நல்லது.

முதல் வெட்டு அடிப்பக்கத்தில். தலை ஆடாமல் நிற்கும்படி அடியைச் சமப்படுத்திவிட்டால் அதற்கப்புறம் எல்லா முடிவும் எளிதாகும். கல்லை மணல் மூட்டை மேல் வையுங்கள், நழுவாது, அதிர்ச்சியையும் மணல் வாங்கிக்கொள்ளும்.

முகப்பைத் திறக்கக் கூருளி. உளியைக் கல்லுக்கு நாற்பத்தைந்து பாகை சாய்வில் பிடித்து, இணையான தடங்களாக ஓட்டுங்கள், பிறகு தடங்களுக்கு நடுவே நிற்கும் மேடுகளைத் தட்டி எடுங்கள். விளிம்புக்குப் பக்கத்தில் எப்போதும் வெளியிலிருந்து உள்நோக்கி அடிக்க வேண்டும். உள்ளேயிருந்து வெளிப்பக்கம் அடித்தால் விளிம்பு பெயர்ந்து போகும், போனால் கூடவே நீங்கள் காப்பாற்ற நினைத்த தோலும் போகும். நேர்செங்குத்தாகக் குத்தாதீர்கள். கல்லுக்குள் நசுங்கல் இறங்கி, மெருகேற்றும்போது வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும், அதை எடுக்க அந்தப் பரப்பையே இன்னும் ஆழமாக இறக்க வேண்டிவரும்.

மூக்கை யாரும் செதுக்குவதில்லை. மூக்கின் இரண்டு பக்கத்தையும் இறக்குகிறோம், மூக்கு நின்றுகொள்கிறது. முகத்தின் மிக உயரமான இடம் அதுவாகத்தான் இருக்கும், ஆகவே முகப்பைத் தட்டையாக்கும்போதே நடுவில் ஒரு பட்டையைத் தேவைக்கு இரண்டு மடங்கு அகலமாக விட்டுவிடுங்கள். கடைசிவரை அது தடியாக இருக்கட்டும், ஒல்லியாக்க எப்போதும் நேரம் இருக்கும். புருவத்திலிருந்து மூக்குக்கு வரும் வளைவை ஒரே ஓட்டமாக வைத்தால் முகம் அமைதியாக இருக்கும், நேர்கோணமாக வெட்டினால் கண்டிப்பு வரும்.

உண்மையான மனிதத் தலையில் கண் உச்சிக்கும் தாடைக்கும் சரியாக நடுவில் இருக்கிறது. இங்கே அந்த அளவைப் பின்பற்றினால் சிற்பம் செத்துப்போகும். கண்ணை மேலே ஏற்றினால் நீண்ட மூக்கும் கனத்த தாடையும் கிடைக்கும், வயதான, யோசிக்கிற முகம். கீழே இறக்கினால் பெரிய நெற்றி, குழந்தை முகம். சாக்பீஸால் மூன்று உயரத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு வட்டம் வேண்டுமென்றால் காம்பஸ் வைத்தே போடலாம், தவறில்லை. ஆனால் கண்ணைக் கடைசியாகத்தான் வெட்ட வேண்டும். கண் வந்துவிட்டால் அப்புறம் நம் பார்வை அங்கேயே போய் நின்றுவிடும், மற்ற பரப்புகளில் இருக்கும் கோணல் தெரியாது. ஒரு கண்ணை மட்டும் செதுக்கி இன்னொன்றைத் தோலுக்கு அடியில் மறைந்ததாக விடுவதும் நல்ல முடிவு. வெறும் இமை மேடு மட்டும் வைத்து மூடிய கண்ணாக விடலாம். கண்ணே இல்லாமல் புருவ நிழலை மட்டும் நம்பி விடலாம், முயன்று பாருங்கள், நிறையப் பேர் பயப்படும் அளவுக்கு அது மோசமாக இருக்காது.

காது வேண்டாம். முதல் கல்லில் காது வைத்தவர்கள் எல்லோருமே அதைச் சரிசெய்யப் பின்னந்தலைக்குப் போய்விடுகிறார்கள்.

தலைமுடிப் பகுதியில் தோல் போதவில்லை, கொஞ்சம் உளித்தடம் வேண்டும் என்றால், மெருகேற்றுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். அம்மி கொத்துகிற மாதிரிதான் வேலை: கூருளியால் ஒரே அழுத்தத்தில், ஒரே இடைவெளியில் சின்னச் சின்னப் புள்ளிகள். முகத்துக்கும் முடிக்கும் எல்லைக்கோடு துல்லியமாக இருக்க வேண்டும். அந்தக் கோடு தடுமாறினால் மொத்தச் சிற்பமும் முடிக்காமல் விட்ட வேலை போலத் தெரியும், கோடு சுத்தமாக இருந்தால் கரடான பகுதி வேண்டுமென்றே விட்டது என்று பார்க்கிறவர்களுக்குப் புரியும்.

பிறகு பல் உளியால் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டித் தடங்களைச் சமப்படுத்தி, தட்டை உளி, அப்புறம் அரம். அடிக்கடி அரத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகு வருவதுதான் நீண்ட வேலை, ஒரு வாளித் தண்ணீரும் வாட்டர் பேப்பரும். தாளின் நம்பர் கூடக் கூட அது நைசாகும்; 80இல் தொடங்கி 120, 220, 400, 600, 800, 1200 என்று போக வேண்டும். ஒவ்வொரு நம்பரிலும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய தாளின் கீறல் மிச்சமிருக்கிறதா என்று தெளிவாகத் தெரியும். கல் ஈரமாக இருக்கும்போது எல்லாமே மெருகு போலத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். துடைத்துக் காயவிட்டு, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுத்த கல்லில் ஒற்றை 80 நம்பர் கீறல் மயிரிழை மாதிரி வெள்ளையாக நிற்கும். அது தெரிந்தால் 1200 போட்டு அழியாது, திரும்ப 120க்குத்தான் போக வேண்டும். உண்மையில் 80இலும் 120இலும் செலவழிக்கும் நேரம்தான் மெருகைத் தீர்மானிக்கிறது, மேலே போகப் போக வேலை விரைவாக நடக்கும். 220 தாண்டும்போது சாம்பலுக்கு அடியிலிருந்து கறுப்பு எழுந்து வரும், கன்னத்தின் வளைவு அப்போதுதான் முதல்முறையாக ஒழுங்காகக் கண்ணில் படும். எங்காவது பள்ளமாக, தட்டையாக இருந்தால் அங்கேயே நிறுத்தி அரத்துக்குத் திரும்புங்கள்.

பெயர் பொறிப்பதானால் இப்போதே, அடிப்பக்கம் ஓரத்தில். உங்கள் பெயரை மட்டும் பொறியுங்கள், ஷோனா சிற்பம் என்று சொல்லி யாருக்கும் விற்காதீர்கள். அந்தப் பெயரில் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பெயர் இல்லாத நகல்கள் சுற்றுலாக் கடைகளில் குவிவதால் அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான தொல்லை இருக்கிறது. அசல் ஒன்று வாங்கும்போதும் செதுக்கியவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

மெழுகு ஏற்றுவதற்கு முன் கல் முழுக்கக் காய வேண்டும். சில நாள் வெயிலில் வையுங்கள், உள்ளே ஈரம் இருக்கும்போது சூடு ஏற்றினால் கல் வெடிக்கலாம். ஜிம்பாப்வேயில் சிற்பத்தைச் சுற்றி விறகு மூட்டியோ கேஸ் டார்ச் காட்டியோ சூடாக்குகிறார்கள். வீட்டில் செய்ய ஹாட் ஏர் கன் பாதுகாப்பானது. ஒரே இடத்தில் நிறுத்தாமல் எல்லாப் பக்கமும் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருங்கள், மூக்கு மாதிரி மெல்லிய இடம் சீக்கிரம் சூடாகிவிடும், அதைக் கடைசியில் கவனியுங்கள். தேன்மெழுகு 60 பாகை செல்சியஸைக் கொஞ்சம் தாண்டினால் உருகும். கல்லில் தொட்டதும் அது உருகி ஓடினால் சூடு போதும். நிறமில்லாத தரை மெழுகும் சரிதான், அதன் டப்பாவைத் தீப்பக்கம் கொண்டுபோக வேண்டாம். மெருகேற்றிய பகுதியில் மட்டும் பிரஷ்ஷால் பூசுங்கள். உளித்தடத்தில் மெழுகு பட்டால் அதன் சாம்பல் நிறம் கறுத்துவிடும், முகத்துக்கும் முடிக்கும் இருந்த வித்தியாசம் கரைந்துவிடும். கல் தானாக ஆறட்டும், தண்ணீர் தெளிக்கக் கூடாது. ஆறிய பிறகு பழைய பருத்தித் துணியால் அழுத்தித் தேயுங்கள்.

வீட்டுக்குள் வைத்தால் அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைப்பது போதும். வெளியில், மழையிலும் வெயிலிலும் நிற்கும் தலை மெல்ல வெளுக்கும். அப்போது கழுவிக் காயவைத்து மறுபடி சூடாக்கி மெழுகு ஏற்றினால் கறுப்பு திரும்பும், வருடத்துக்கு ஒரு முறை செய்தால் நல்லது. கற்சிலை என்றதும் எண்ணெய் தடவத் தோன்றும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இந்தக் கல்லுக்கு வேண்டாம், பிசுபிசுப்பில் தூசி ஒட்டி உளித்தடப் பள்ளங்களில் அடைத்துக்கொள்ளும், அதை ஊசியால் குத்திக்குத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.